பேரளம் இரயிலும் பூவம் சாலையும்

காரைக்கால் நிலப்பகுதியின் வடக்கு வாயில் பூவம். தரங்கம்பாடியையும் பொறையாற்றையும் கடந்து, நண்டலாற்றைத் தாண்டித் தெற்கே வருகிறவர் முதலில் மிதிப்பது இவ்வூர் மண்ணைத்தான். வடக்கே, டேனியர் 1620 முதல் 1845 வரை வைத்திருந்த தரங்கம்பாடி. தெற்கே, பிரெஞ்சுக்காரர் 1739இல் தஞ்சை அரசரிடம் பெற்று, இடையிடையே ஆங்கிலேயரிடம் இழந்தும் மீட்டும், 1954 நவம்பர் முதல் நாள் வரை ஆண்ட காரைக்கால். சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டம். சில கல் தொலைவுக்குள் மூன்று ஐரோப்பிய அரசுகளின் எல்லைகளைக் கண்ட பகுதி இது.

இத்தகைய எல்லையூரின் வரலாற்றை அரசர்களையும் ஆளுநர்களையும் உடன்படிக்கைகளையும் கொண்டு எழுதுவதே வழக்கம். ஆனால், உழைக்கும் மக்களின் பக்கம் நின்று வேறொரு கேள்வியையும் கேட்கலாம். இவ்வூரார் காலையில் வேலைக்கு எவ்வாறு சென்றனர்? நடந்தா, ஊர்தியிலா? தனித்தா, கூடியா? சிறிய கேள்விதான். ஆயினும் அதன் விடையில் ஒரு நூற்றாண்டுச் சமுதாய வரலாறு அடங்கியிருக்கிறது. இன்றைக்கு நாம் எடுக்கவேண்டிய ஒரு முடிவும் அதற்குள் இருக்கிறது.

இன்று காலை வேளையில் பூவம் சாலையோரம் நின்று பார்ப்பவர் காண்பது என்ன? காரைக்காலின் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்லும் இருசக்கர வண்டிகள், அவற்றினிடையே கார்கள். வண்டிக்கு ஒருவர், பின்னிருக்கை வெறுமை. ஐவர் அமரக்கூடிய காரிலும் பல வேளைகளில் ஓட்டுகிறவர் ஒருவரே. ஒரே ஊரிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே திசையில் செல்கிறவர்கள். எனினும் ஒவ்வொருவரும் தனித்தே செல்கின்றனர். அதே சாலையோரத்தில் பேருந்துக்காகக் காத்து நிற்போரும் உண்டு. முதியவர், துணிக்கடையில் வேலை பார்க்கும் இளம்பெண், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய், வண்டி வாங்க வசதியில்லாத கூலித் தொழிலாளி. இவ்விரு சாராருக்கும் இடையே உள்ள உறவை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடையும் வண்டியும்

கடைமடை நாட்டில் வேலை என்றால் பெரும்பாலும் வயல் வேலை. கரையோரத்தில் கடல் வேலை. இரண்டும் கூட்டு வேலைகள். விடியற்காலையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்கள் வரிசையாக வரப்பின் மீது நடந்து சென்றார்கள். அறுவடைக்கு ஆண்களும் பெண்களும் கூட்டமாகச் சென்றார்கள். வலை இழுக்கவும் கட்டுமரம் தள்ளவும் பல கைகள் வேண்டியிருந்தன. வேலையே கூட்டாக நடந்ததால் வேலைக்குச் செல்லும் வழியும் கூட்டாகவே அமைந்தது.

இந்தக் கடந்த காலத்தைப் பொற்காலம் எனப் பாடவேண்டியதில்லை. நடந்தவர்கள் விரும்பி நடந்தவர்கள் அல்லர். வேறு வழியற்று நடந்தவர்கள். மாட்டுவண்டி நிலம் உடையவரின் சொத்து. அதில் யார் ஏறலாம், யார் பின்னால் நடக்கவேண்டும் என்பதைச் சாதியும் சொத்தும் முடிவு செய்தன. ‘கூடிச் செல்லுதல்’ என்ற சொல்லுக்குள் அன்று எல்லாரும் அடங்கவில்லை. விலை கொடுத்துச் சீட்டு வாங்கிய எவரும் உட்காரலாம் என்ற விதியோடு ஓர் ஊர்தி வரவேண்டியிருந்தது. அது இரயில் வடிவில் வந்தது.

மூன்று தண்டவாளங்கள்

தஞ்சை மாவட்ட வாரியம் நிலவரியோடு சேர்த்து மக்களிடம் சிறு மேல்வரி வசூலித்து, அதைக்கொண்டு தனக்கென ஓர் இரயில் பாதை அமைத்தது. மாயவரத்திலிருந்து பேரளம், திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை சென்ற அப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. ஊர் மக்கள் காசு சேர்த்துத் தமக்கென ஒரு பொது ஊர்தியை உண்டாக்கிக்கொண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ‘ஊர் கூடித் தேர் இழுப்பது’ என்பார்களே, அதுதான் இது. இத்தேருக்கு இரும்புச் சக்கரங்கள்!

பிரெஞ்சு ஆட்சியினர் இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. காரைக்காலிலிருந்து அம்மாவட்டப் பாதையில் உள்ள பேரளத்துக்கு ஒரு கிளைப்பாதை இடப்பட்டு 1898 மார்ச்சு மாதத்தில் போக்குவரத்து தொடங்கியது. ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளம். மீட்டர் அகலப் பாதை. பாதை பிரெஞ்சு அரசுக்கு உரியது. வண்டிகளை ஓட்டியதோ ஆங்கிலேய இந்தியாவின் தென்னிந்திய இரயில்வே. திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாக வயல்களினூடே சென்ற அவ்வண்டி, காரைக்காலை மாயவரத்தோடும் தஞ்சையோடும் சென்னையோடும் இணைத்தது. இரு வேறு அரசுகள் ஒரு சிறிய இரயிலுக்காக ஒத்துழைத்தன என்பதே அக்காலத்தில் அரிய செய்தி.

மூன்றாவதாக, 1926இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு இன்னொரு கிளைப்பாதை வந்தது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு எனச் செல்லும் அப்பாதை பூவத்துக்கு அருகிலேயே முடிந்தது. ஆக, பூவத்தில் இரயில் நிலையம் இல்லாவிடினும், வடக்கே நண்டலாற்றைக் கடந்தால் பொறையாறு நிலையம். தெற்கே சென்றால் காரைக்கால் நிலையம். இரண்டுக்கும் நடுவே வாழும் வாய்ப்பு இவ்வூருக்குக் கிடைத்தது.

மூன்றாம் வகுப்புப் பெட்டி வசதியான இடம் அன்று. மரப்பலகை இருக்கை, நெரிசல், கரித்தூள், தாமதம் எல்லாம் உண்டு. ஆனால் ஆசிரியரும் எழுத்தரும் நெல் வணிகரும் மீன் கூடைக்காரியும் வழக்குக்காக நீதிமன்றம் செல்லும் உழவரும் ஒரே பெட்டியில் அமர்ந்தனர். மாட்டுவண்டியில் ஏற்றப்படாதவரும் இரயில் பெட்டியில் ஏறினார். இருக்கையின் விலை அணாவிலும் காசிலும் மட்டும் கேட்கப்பட்டது.

கரியில் ஓடிய பேருந்து

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேருந்து வந்தது. இரயில் நிலையம் இல்லாத சிற்றூர்களின் வாசலுக்கே அது வந்து நின்றது. இரயிலுக்குப் போட்டியாகவும் துணையாகவும் அது வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின் போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது தமிழகத்துப் பேருந்துகளின் பின்புறத்தில் பெரிய உருளை போன்ற கொதிகலன்கள் பொருத்தப்பட்டன. அடுப்புக்கரியை எரித்து, அதிலிருந்து எழும் வாயுவைக்கொண்டு வண்டிகள் ஓட்டப்பட்டன. மதுரையில் பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் இத்தகைய கரிவாயுக் கருவிகளைத் தயாரித்தது. வண்டி மெதுவாகத்தான் ஓடியது. மேட்டில் ஏறத் திணறியது. ஆயினும் ஓடியது. எரிபொருள் குறைந்த காலத்தில் முதலில் காப்பாற்றப்பட்டது தனியாரின் காரன்று, பலர் ஏறும் பேருந்தே என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் பேருந்து மேலும் பரவியது. 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக்கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. சிற்றூர்களுக்கும் நகரப் பேருந்து வந்தது. அரசு அலுவலரும் கல்லூரி மாணவரும் சந்தைக்குச் செல்லும் பெண்ணும் மீண்டும் ஒரே ஊர்தியில் நின்றனர்.

ஓர் இரயில் இறந்த கதை

இனி, இக்கதையின் நெருக்கடியான பகுதிக்கு வருவோம். 1980இல் இருவர் அமரக்கூடிய ‘டிவிஎஸ் 50’ மொபெட் சந்தைக்கு வந்தது. பேருந்து ஓட்டித் தொடங்கிய அதே குடும்பத்தார் உருவாக்கியதே அது. 1983 டிசம்பரில் முதல் மாருதி கார் வாங்கியவரின் கைக்குச் சென்றது. நடுத்தரக் குடும்பம் ஒன்று சொந்த வண்டி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதில் குற்றம் ஏதும் இல்லை. நடந்து தேய்ந்த கால்களுக்கு அது விடுதலையாகவே தோன்றியது. நோயாளியை மருத்துவரிடம் கொண்டுசென்றதும், குழந்தையைப் பள்ளியில் விட்டதும் அந்த மொபெட்தான்.

அதே பத்தாண்டில் நட்டம் தரும் கிளைப்பாதைகளை மூடலாம் என்று இரயில்வே சீர்திருத்தக் குழு பரிந்துரைத்தது. போதிய பயணிகள் இல்லை, வருவாய் இல்லை என்ற கணக்கு எழுதப்பட்டது. 1987இல் காரைக்கால்–பேரளம் இரயில் நின்றது. 89 ஆண்டுகள் ஓடிய வண்டி அது. 1980களின் பிற்பகுதியிலேயே தரங்கம்பாடிப் பாதையும் மூடப்பட்டது. பூவத்தின் இரு பக்கங்களிலும் இருந்த இரண்டு நிலையங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஓய்ந்தன.

ஒரு பொது ஊர்தி எவ்வாறு இறக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அது ஒரே நாளில் இறப்பதில்லை. எடுத்துக்காட்டாக, நாள்தோறும் ஐம்பது பேர் ஏறும் ஒரு பேருந்தைக் கொள்வோம். அவர்களில் பன்னிருவர் வண்டி வாங்கிவிடுகின்றனர். வருவாய் குறைகிறது; ஆனால் ஓட்டுநரின் ஊதியமும் எரிபொருளும் குறையவில்லை. எனவே நான்கு நடையில் ஒரு நடை நிறுத்தப்படுகிறது. காத்திருக்கும் நேரம் கூடுகிறது. அந்த நேரத்தைப் பொறுக்கமுடியாத எட்டுப் பேர் கடன் வாங்கியாவது வண்டி வாங்குகின்றனர். மீண்டும் வருவாய் குறைகிறது. மீண்டும் ஒரு நடை நிற்கிறது. இறுதியில் எஞ்சுகிறவர்கள் யார்? வண்டி வாங்கவே இயலாதவர்கள். அவர்களை மட்டும் நம்பி எந்தக் கழகமும் நீண்டநாள் வண்டி ஓட்டுவதில்லை.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. பொது ஊர்தி என்பது, ஏறாமலும் இருக்கக்கூடியவர்கள் ஏறும் வரையில்தான், ஏறியே தீரவேண்டியவர்களுக்குக் கிடைக்கிறது. வசதியுள்ளவர் பேருந்தைவிட்டு இறங்கும்போது தாம் மட்டும் இறங்குவதாக நினைக்கிறார். உண்மையில், அடுத்தவரின் பேருந்தில் ஒரு பகுதியையும் கையோடு எடுத்துச் செல்கிறார். அவர் அறிந்து செய்வதில்லை. ஆனால் அது நிகழ்கிறது.

மூடுவது எளிது, திறப்பது அரிது என்பதற்கும் காரைக்காலே சான்று. 1987க்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காரைக்காலுக்கு இரயிலே இல்லை. 2011 டிசம்பரில்தான் நாகூரிலிருந்து அகலப்பாதை வந்தது. பேரளம் பாதையைப் புதிதாக இடும் பணி அதற்கும் பின்னரே நடந்தது. 2025இல்தான் அப்புதிய பாதையில் பாதுகாப்பு ஆய்வு நடைபெற்றது. இரயில் நின்ற ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 38 வயது! அந்த 38 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே இரயிலில் வேலைக்குச் செல்லும் பழக்கத்தை மறந்துவிட்டது. தண்டவாளத்தை இரும்பாலும் கல்லாலும் மீண்டும் அமைக்கலாம். பழக்கத்தை எதனால் அமைப்பது?

இரப்பரும் காலி இருக்கையும்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கார்களின் நாடு எனப்படும் அமெரிக்காவும் இதைச் சந்தித்திருக்கிறது. அந்தக் கதையில் நம் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

நாகப்பட்டினத் துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் மலாயாவின் தோட்டங்களுக்கும் சென்ற தமிழர் பல்லாயிரவர். அவர்கள் விடியுமுன் எழுந்து இரப்பர் மரங்களைக் கீறிப் பால் எடுத்தனர். அமெரிக்காவுக்குத் தேவைப்பட்ட இயற்கை இரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்கு ஆசியாவிலிருந்தே சென்றது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தபோது அந்த வழி அடைபட்டது. அமெரிக்காவில் டயருக்கு இரப்பர் இல்லை. டயர் தேயாமல் இருக்கவேண்டுமானால் கார்கள் குறைவாக ஓடவேண்டும். ஆகவே 1942 டிசம்பர் முதல் நாடு முழுவதும் பெட்ரோல் பங்கீடு செய்யப்பட்டது. பெட்ரோலைச் சேமிப்பதைவிட இரப்பரைச் சேமிப்பதே அதன் முதல் நோக்கம்.

அண்டை வீட்டார் ஒரே காரில் தொழிற்சாலைக்குச் செல்லவேண்டும் என்று அந்த அரசு பரப்புரை செய்தது. 1943இல் வெளியான ஒரு சுவரொட்டியில் ஒருவர் தனியே கார் ஓட்டிச் செல்கிறார். அருகிலுள்ள காலி இருக்கையில் இட்லரின் உருவம் நிழல்போல் அமர்ந்திருக்கிறது. காலி இருக்கை எதிரிக்குத் துணைபோகும் என்பது அதன் கருத்து. மக்கள் கேட்டனர், காரைப் பகிர்ந்து சென்றனர். போர் முடிந்ததும் மறந்தனர்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது மறந்த பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது. மினசோட்டா மாநிலத்தில் ‘3எம்’ என்னும் நிறுவனம் ஆறு வேன்களோடு ஒரு முறையைத் தொடங்கியிருந்தது. வேனை ஓட்டுகிறவரும் அந்நிறுவனத்தின் பணியாளரே. தம் வழியில் உள்ள உடன் பணியாளர்களை ஏற்றி வருவார். அவருக்குப் பயணம் இலவசம். மற்றவர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வர். இந்த எளிய முறையைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின. 1980இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஐவரில் ஒருவர் காரைப் பகிர்ந்து வேலைக்குச் சென்றார். பெட்ரோல் விலை இறங்கியதும் அந்தப் பழக்கமும் இறங்கியது. 2010இல் பகிர்ந்து சென்றவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. தனியே ஓட்டிச் சென்றவரோ நான்கில் மூவர். தட்டுப்பாட்டால் மட்டும் பிறக்கும் ஒற்றுமை தட்டுப்பாட்டோடே மறைந்துவிடுகிறது.

தமிழரும் வாழும் சிங்கப்பூர் வேறு வழி கண்டது. 1975 சூன் மாதம் முதல், காலை நெரிசல் நேரத்தில் நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் கார்கள் நாள் ஒன்றுக்கு மூன்று வெள்ளி கட்டவேண்டும் என்று அந்நாடு விதித்தது. ஆனால் நால்வரோ அதற்கு மேற்பட்டவரோ அமர்ந்த காருக்குக் கட்டணம் இல்லை. நுழையும் கார்கள் பெருமளவு குறைந்தன. நால்வர் கணக்கை நிரப்பப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றிச் சென்ற கார்க்காரர்களும் உண்டு. நால்வர் காருக்கான சலுகை 1989இல் நீக்கப்பட்டாலும், சாலையைத் தனியே பயன்படுத்துகிறவர் அதற்கு விலை தரவேண்டும் என்ற கொள்கை அங்கு நிலைத்தது. அக்கட்டணத்தோடு நல்ல பேருந்தும் பின்னர் இரயிலும் அங்கு வந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மாற்று இல்லாத இடத்தில் விதிக்கும் கட்டணம் ஏழையைத்தான் முதலில் தாக்கும்.

மிதிவண்டி தந்த துணிவு

நம் அருகிலேயே இன்னொரு வரலாறு நடந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி கற்றனர். கல்லுடைக்கும் பெண்களும் வயல் கூலிப் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளரும் ஊர்ச் செவிலியரும் அவர்களில் இருந்தனர். பேருந்து எப்போது வரும், அண்ணனோ கணவனோ எப்போது கொண்டுபோய் விடுவார் என்று காத்திருந்தவர்கள் தாமே புறப்பட்டனர். மிதிவண்டியில் ஒருவர் தனித்துத்தான் செல்கிறார். ஆயினும் அவர் பிறருடைய பேருந்தையோ மூச்சுக்காற்றையோ பறிப்பதில்லை. மேடு பள்ளம் இல்லாத டெல்டா மண் மிதிவண்டிக்கென்றே படைக்கப்பட்டது போன்றது. அதை அச்சமின்றி ஓட்டச் சாலையோரத்தில் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

நடப்போரையும் மறந்துவிடலாகாது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவுக்காகக் கூட்டங்கூட்டமாக நடந்து வரும் திருப்பயணிகள் இக்கடற்கரைச் சாலையை நிறைக்கின்றனர். அந்நாள்களில் மட்டும் வண்டிகள் வேகம் குறைத்து, நடப்போருக்கு வழிவிடுகின்றன. மற்ற நாள்களில் அதே சாலையில் நடந்து வேலைக்குச் செல்லும் எளியவருக்கு அந்த மரியாதை கிடைக்கிறதா?

அவர்கள் சிலரல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வயல் வேலையும் குடிசைத் தொழிலும் அல்லாத பணிகளுக்குச் செல்வோர் எவ்வாறு செல்கின்றனர் என்று கேட்டது. பயணம் செய்வோரில் நடப்பவர்களே மிகப்பெரிய கூட்டம் என்பது தெரியவந்தது. அத்தகைய தொழிலாளர் அனைவரிலும் கார், ஜீப், வேன் ஆகியவற்றில் சென்றோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. சாலைகளோ அந்த மூவரை எண்ணியே பெரும்பாலும் அமைக்கப்படுகின்றன. 2022இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தனி வண்டி தரும் விடுதலைக்கு நாம் செலுத்தும் விலையில் இதுவும் சேரும்.

நமக்குள்ள கடமை

திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலின் 153ஆம் பத்தியில் நகரப் போக்குவரத்தைப் பற்றிப் பேசுகிறார். ஒருவரோ சிலரோ மட்டும் பயன்படுத்தும் கார்கள் பெருகுவதால் நெரிசலும் மாசும் கூடுவதைச் சுட்டிக்காட்டிப் பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்கிறார். அதே இடத்தில், கூட்ட நெரிசலிலும் வசதிக் குறைவிலும் மக்களை மாண்பின்றி நடத்தும் பொதுப் போக்குவரத்தையும் அவர் குறைகூறத் தயங்கவில்லை. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும். உடைந்த இருக்கையும் ஒழுகும் கூரையும் கொண்ட பேருந்தில் ஏறச்சொல்லி நடுத்தர மக்களுக்கு அறிவுரை கூறுவது எளிது. நல்ல பேருந்தைக் கேட்டுப் போராடுவதே கடினம்.

அரசு செய்யவேண்டியது அரசுக்கு. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்தபோது, வேலைக்குச் செல்லும் ஏழைப் பெண்ணின் மாதச் செலவில் பெரும் சுமை இறங்கியது. எல்லையூராகிய பூவத்துக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஆற்றுக்கு அப்பால் ஓர் அரசு. இப்பால் இன்னோர் அரசு. இருபுறமும் வேலைக்குச் செல்லும் மக்களோ ஒரே மக்கள். புதுவை ஆட்சிப் பகுதியில் எரிபொருள் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவாக இருந்துவந்திருப்பதால் தனி வண்டியின் ஈர்ப்பும் இங்கு மிகுதி. 1898இல் பிரெஞ்சு அரசும் ஆங்கில அரசும் ஒரு சிறு இரயிலுக்காக ஒத்துப்போக முடிந்ததென்றால், இன்று ஒரே நாட்டின் இரு அரசுகள் ஒரு நல்ல பேருந்துக்காக ஒத்துப்போக முடியாதா?

நாம் செய்யவேண்டியது நமக்கு. ஊருக்கு ஊர் அன்பியங்கள் இருக்கின்றன. அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து, யார் எங்கே, எத்தனை மணிக்கு வேலைக்குச் செல்கிறார் என்று எழுதினால் போதும். ஒரே பள்ளிக்குச் செல்லும் இரண்டு ஆசிரியைகள், ஒரே மருத்துவமனைக்குச் செல்லும் மூன்று செவிலியர், துறைமுகத்துக்குச் செல்லும் நான்கு இளைஞர் எனப் பெயர்கள் தாமே சேரும். இதற்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. கூலிக்கு ஆள் ஏற்றச் சொந்த வண்டியைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் அண்டை வீட்டாரும் உடன் பணிபுரிவோரும் முறைவைத்து, இந்த வாரம் உங்கள் வண்டி, அடுத்த வாரம் எங்கள் வண்டி என்று செல்வதை யார் தடுக்கப்போகிறார்கள்? பின்னிருக்கையில் அமர்பவருக்கும் ஒரு தலைக்கவசம் வாங்கிவிடவேண்டும், அவ்வளவே.

பேருந்து இருக்கும் வழியில் வாரத்தில் இரண்டு நாளாவது பேருந்தில் செல்வது அதைவிட நல்லது. அந்தச் சீட்டின் விலை, நம் பயணத்துக்கு மட்டும் நாம் தரும் விலையன்று. நமக்குப் பின்னால் நிற்கும் துணிக்கடைப் பெண்ணின் பேருந்து நாளையும் வருவதற்கு நாம் தரும் உறுதியும் ஆகும். பேரளம் பாதையில் பயணிகள் இரயில் ஓடும் நாள்களிலும் இதுவே நம் கடமை. தொடக்க நாளன்று மாலை போட்டு வரவேற்கக் கூட்டம் கூடும், அதில் ஐயமில்லை. அந்த வண்டிக்கு வேண்டியதோ சாதாரணத் திங்கட்கிழமைக் காலையில் சீட்டு வாங்கும் கூட்டம். 1987இல் இல்லாமற் போனது அதுதான்.

தனி வண்டியைத் துறந்துவிடுங்கள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நோயும் இரவுப் பணியும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு அது வேண்டியதே. வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு காலையிலும், இன்று இது வேண்டுமா, வேறு யாரேனும் இதே வழியில் வருகிறார்களா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும். சாலையில் காத்து நிற்பவரையும் தம் பயணத்தில் ஒருவராக எண்ணும் மனம் அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது.